தண்டவாளமும் சந்தேகமும்: ரயில் பாதுகாப்பின் நூறாண்டு வரலாறு நமக்குச் சொல்வது



நாஞ்சில் நாட்டுக் கொட்டாரம் ரயிலுக்குப் புதிய ஊர் என்றே சொல்லவேண்டும். சென்னை மாகாணத்தின் மற்றப் பகுதிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. திருவிதாங்கூரின் தென்கோடியில் இருந்த நமக்கோ 1979 ஏப்ரல் 15 அன்றுதான் திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரிப் பாதை திறக்கப்பட்டது. திருநெல்வேலியோடு இணைப்புக் கிடைக்க மேலும் இரண்டாண்டுகள் ஆயின. முதல் வண்டியை வேடிக்கை பார்க்கப் போன தலைமுறை இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. இன்று கொட்டாரத்துப் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் சென்னைக்கோ பெங்களூருக்கோ மும்பைக்கோ போவதென்றால், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கன்னியாகுமரி நிலையத்துக்கோ நாகர்கோவில் சந்திப்புக்கோ போய் வண்டி ஏறுகிறார்கள்.

அந்த நிலையங்களில் ஆண்டுதோறும் தவறாமல் காணும் காட்சி ஒன்று உண்டு. டிசம்பர் முதல் வாரம் பிறந்தவுடன் வெடிகுண்டு கண்டறியும் பிரிவினர் வருவர். மோப்ப நாய்கள் நடைமேடையில் சுற்றும். பார்சல் அலுவலகம் முதல் இருசக்கர வாகன நிறுத்தம் வரை சோதனை நடக்கும். பாபர் மசூதி இடிக்கப்பட்ட டிசம்பர் 6 ஆம் நாளை முன்னிட்ட பாதுகாப்பு என்று மறுநாள் நாளிதழில் செய்தி வரும். அந்த வாரத்தில் பயணம் வேண்டாம், தவிர்க்க முடியாதென்றால் தொப்பியைப் பையில் வைத்துக்கொள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் தாய்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தன் பள்ளிவாசல் இடிக்கப்பட்ட நாளில் தானே சந்தேகத்துக்குரியவனாக நிற்கும் நிலை ஒரு சமுதாயத்துக்கு எப்படி நேர்ந்தது? அந்தச் சோதனைகளில் எது நியாயம், எது அநியாயம்? கோபமோ அச்சமோ இன்றி இதை ஆராய, வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது நல்லது.

போத்தனூரில் திறக்கப்பட்ட கதவு

1921 ஆம் ஆண்டு. மலபார் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். ஆகஸ்டில் மாப்பிள்ளைமாரின் கிளர்ச்சி வெடித்தது. ஆங்கில அரசு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்து ஆயிரக்கணக்கானோரைச் சிறைப்பிடித்தது. உள்ளூர்ச் சிறைகள் நிரம்பி வழிந்ததால் கைதிகளைப் பெல்லாரி போன்ற தொலைதூரச் சிறைகளுக்கு ரயிலில் அனுப்பத் தொடங்கினர். பயணிகள் பெட்டியில் ஏற்றினால் தப்பிவிடக்கூடும், வழியில் மக்கள் கூடிவிடக்கூடும் என்று சரக்குப் பெட்டிகளைப் பயன்படுத்தினர்.

நவம்பர் 19 மாலை, திரூர் நிலையத்தில் ஏறத்தாழ நூறு கைதிகள் ஒரே சரக்குப் பெட்டியில் அடைக்கப்பட்டனர். பெரும்பாலோர் மாப்பிள்ளைமார், ஹிந்துக்கள் சிலரும் இருந்தனர். கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டது. உள்ளே நிற்க இடமில்லை, மூச்சுவிடக் காற்றில்லை. வண்டி வழியிலே நிலையங்களில் நின்றது. உள்ளிருந்து கூக்குரல் எழுந்தது என்று உயிர் பிழைத்தவர்கள் பின்னர் சாட்சியம் சொன்னார்கள். ஆயினும் கதவு திறக்கப்படவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் அது திறக்கப்பட்டபோது உள்ளே பிணக்குவியல் கிடந்தது. மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்தால் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். உடல்களை அதே பாதையில் திருப்பி அனுப்பினர். பலர் திரூர்ப் பள்ளிவாசல்களின் மையவாடிகளில் அடக்கம் செய்யப்பட்டனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அரசு விசாரணைக் குழு அமைத்தது. காவலுக்கு வந்த சார்ஜண்டு மீதும் காவலர்கள் சிலர் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. எவரும் தண்டிக்கப்படவில்லை.

இக்கொடுமையைக் கேட்கும்போது யாரோ ஒரு கொடியவன் திட்டமிட்டுச் செய்தான் என்று எண்ணத் தோன்றும். நிகழ்ந்ததோ அதனினும் அச்சமூட்டுவது. கைதி தப்பக்கூடாது என்ற ஒரே நோக்கம் எல்லாரையும் ஆட்கொண்டிருந்தது. கதவைப் பூட்டியவன், வண்டியை ஓட்டியவன், நிலையத்தில் கொடி காட்டியவன் என ஒவ்வொருவனும் தன் கடமையைச் செய்தான். உள்ளே இருப்பவன் மனிதன் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது மட்டும் எவருடைய கடமையாகவும் இருக்கவில்லை.

கைரேகை வைத்த ஊர்கள்

ஏறத்தாழ அதே காலத்தில் மதுரைச் சீமையில் வேறொரு சட்டம் நடைமுறையில் இருந்தது. 1871 இல் வட இந்தியாவில் தொடங்கி 1911 இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த குற்றப் பரம்பரையினர் சட்டத்தை மக்கள் கைரேகைச் சட்டம் என்றனர். தனிமனிதன் செய்த குற்றத்தை அது பார்க்கவில்லை. பிறந்த குலத்தைப் பார்த்தது. பதிவு செய்யப்பட்டவர் கைரேகை வைக்கவேண்டும். ஊரை விட்டு வெளியே போக ராதாரிச் சீட்டுப் பெறவேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர்ப் பிரமலைக் கள்ளர் மக்கள் ரேகை வைக்க மறுத்து நின்றபோது காவல்துறை சுட்டதில் பதினாறு பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு பெண்ணும் உண்டு.

நாடு விடுதலை பெற்ற பின்னரே அச்சட்டம் ஒழிந்தது. இந்த வரலாற்றை நாம் நினைவில் கொள்ளக் காரணம் உண்டு. பிறப்பைக் கொண்டு ஒருவனைச் சந்தேகிக்கும் கொடுமை முஸ்லிம்களுக்கு மட்டுமே நேர்ந்ததன்று. நம் அண்டை வீட்டாரின் பாட்டன்மாரும் அதைச் சுமந்தவர்கள்தாம்.

1997 டிசம்பர் 6

இனி நம் காலத்துக்கு வருவோம். இங்கே நமக்குக் கசப்பான உண்மைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

1997 நவம்பர் இறுதியில் கோயம்புத்தூரில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதனைத் தொடர்ந்த கலவரத்திலும் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டிலும் பதினெட்டு முஸ்லிம்கள் உயிரிழந்தனர். அடுத்த வாரம், டிசம்பர் 6 அன்று, சேரன், பாண்டியன், ஆலப்புழை விரைவு வண்டிகள் மூன்றிலும் குண்டுகள் வெடித்தன. ஈரோட்டிலும் திருச்சியிலும் திருச்சூரிலும் பயணிகள் மாண்டனர். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் உயிரிழந்தனர்.

அந்த வண்டிகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் எந்தக் கலவரத்திலும் பங்கேற்றவர்கள் அல்லர். மகள் வீட்டுக்குப் போனவர்கள், வேலை தேடிப் போனவர்கள். நமக்கு இழைக்கப்பட்ட அநீதி எதுவாயினும் அவர்களைக் கொல்ல அது அனுமதியாகாது. இதில் நம்மிடையே ஆனாலும், என்றாலும் என்ற இழுவைக்கு இடமிருக்கக் கூடாது. நம் மாவட்டத்திலேயே 2020 ஜனவரி 8 இரவு, களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக்கொல்லப்பட்டார். காவலருக்கும் குடும்பம் உண்டு என்பதை அந்த இரவு நமக்கு உணர்த்தியது. ஆகவே பாதுகாப்பே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. குண்டு வெடித்தால் அதே பெட்டியில் நம் பிள்ளையும் இருப்பான்.

ஆனால் கோவை வழக்கின் மறுபக்கம் ஒன்றுண்டு. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் தண்டிக்கப்பட்டனர் என்பது உண்மை. கேரளத்து அப்துல் நாசர் மதனி ஒன்பதாண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாகவே சிறையில் கழித்து, 2007 ஆகஸ்டில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். பின்னர் வேறொரு வழக்கில் அவர் மீது குற்றச்சாட்டு எழுந்தது தனிச் செய்தி. இந்த வழக்கைப் பொறுத்தவரை, விடுதலைத் தீர்ப்பு வருமுன்னரே ஒரு தண்டனைக் காலத்தை அவர் அனுபவித்து முடித்திருந்தார்.

தவறிய கைகளும் தப்பிய குற்றவாளிகளும்

2006 ஜூலை 11 மாலை, மும்பைப் புறநகர் ரயில்களில் பதினோரு நிமிடங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. 180 பேருக்கு மேல் மாண்டனர். எண்ணூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் அவர்கள். 2015 இல் சிறப்பு நீதிமன்றம் பன்னிருவரைக் குற்றவாளிகள் என்று கண்டு, ஐவருக்கு மரண தண்டனையும் எழுவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் பன்னிருவரையும் விடுவித்தது. அரசுத் தரப்பு வழக்கை மெய்ப்பிக்க முற்றிலும் தவறிவிட்டது என்பது அதன் முடிவு. அவர்களில் ஒருவர் நான்காண்டுகளுக்கு முன்பே சிறையில் இறந்துவிட்டிருந்தார். இத்தீர்ப்பைப் பிற வழக்குகளில் முன்மாதிரியாகக் கொள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சில நாட்களில் தடை விதித்தது. எனினும் விடுதலையானவர்களை மீண்டும் சிறைக்கு அனுப்பவில்லை.

1993 டிசம்பர் ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் கைதான குல்பர்கா மாணவர் ஒருவரின் கதையும் இவ்வகையினதே. 1994 ஜனவரியில் பிடிபட்டபோது அவருக்கு இருபது வயதும் நிறையவில்லை. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது நாற்பதைக் கடந்திருந்தார். காவலில் இருந்தபோது பெற்ற வாக்குமூலமே வழக்கின் அடித்தளமாக இருந்தது.

இத்தகைய வழக்குகளில் இழப்பு இரு தரப்புக்கும் நேர்கிறது. நிரபராதி தன் இளமையை இழக்கிறான். குண்டுக்குப் பலியானவரின் குடும்பமோ பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்து, கொன்றவன் யார் என்றே தெரியாமல் வெறுங்கையோடு வீடு திரும்புகிறது. தவறான ஒருவனைச் சிறையில் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் சரியானவன் வெளியே நடமாடுகிறான். சுதந்திரத்தை விலையாகக் கொடுத்தால் பாதுகாப்புக் கிடைக்கும் என்பார்கள். இங்கே விலை மட்டும் போயிற்று. பொருள் கைக்கு வரவில்லை.

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. 2004 மார்ச் 11 அன்று ஸ்பெயினின் மாட்ரிட் நகர ரயில்களில் குண்டுகள் வெடித்து 190 பேருக்கு மேல் இறந்தனர். சான்றாகக் கிடைத்த பையொன்றில் இருந்த விரல்ரேகை, அமெரிக்காவின் ஓரிகன் மாநில வழக்கறிஞரும் இஸ்லாத்தைத் தழுவியவருமான பிராண்டன் மேஃபீல்டு என்பவருடையது என்று அந்நாட்டுப் புலனாய்வுத் துறை உறுதியாகக் கூறிக் கைது செய்தது. ஸ்பெயின் காவல்துறை தொடக்கத்திலிருந்தே ஐயம் தெரிவித்தது. இறுதியில் அந்த ரேகை வேறொருவருடையது என்று கண்டுபிடித்தது. இரண்டு வாரச் சிறைக்குப் பின் அவர் விடுதலையானார். அரசு மன்னிப்புக் கேட்டு இருபது லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. ரேகையில் நேர்ந்த பிழையை மறுபடி சரிபார்க்க அதிகாரிகள் தயங்கியதற்கு அவருடைய மார்க்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று அந்நாட்டு நீதித்துறையின் ஆய்வறிக்கையே குறிப்பிட்டது.

அடுத்த ஆண்டு ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் 52 பயணிகள் குண்டுக்குப் பலியாயினர். பதினைந்து நாள் கழித்து, தற்கொலைப் படையினன் என்று தவறாக எண்ணி, ஸ்டாக்வெல் நிலையத்தில் நின்ற ரயிலுக்குள் பிரேசில் நாட்டு மின்பணியாளர் ஒருவரைக் காவல்துறையினர் சுட்டுக்கொன்றனர். அவர் முஸ்லிமும் அல்லர். சந்தேகம் தளையறுத்துக்கொண்டால் இன்னார் என்று பார்ப்பதில்லை.

பெயரைப் பார்ப்பதா, பொருளைப் பார்ப்பதா?

நம் வாசலருகே நடந்த நிகழ்வொன்றைக் கருதுவோம். 2023 ஆகஸ்டு 26 விடியற்காலை, மதுரை நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியொன்று தீப்பற்றியதில் ஒன்பது பேர் கருகி இறந்தனர். லக்னோவிலிருந்து யாத்திரையாக வந்த பெட்டி அது. முந்தைய நாள் நாகர்கோவிலில்தான் புனலூர் – மதுரை வண்டியோடு இணைக்கப்பட்டது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சமையல் எரிவாயு சிலிண்டரே தீக்குக் காரணம். எளிதில் தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டு செல்வது 1989 ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164 ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். சட்டம் இருந்தது. லக்னோ முதல் நாகர்கோவில் வரை எத்தனையோ நிலையங்கள் இருந்தன. பெட்டிக்குள் எட்டிப் பார்த்துச் சிலிண்டரை இறக்கிவைக்க ஒருவரும் முன்வரவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 31 அன்று, ஜெய்ப்பூரிலிருந்து மும்பைக்குச் சென்ற விரைவு வண்டியில், ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் தம் மேலதிகாரியைச் சுட்டுக்கொன்றார். பிறகு பெட்டிகளைக் கடந்து சென்று மூன்று பயணிகளைக் கொன்றார். மூவரும் முஸ்லிம்கள். பயணிகளைக் காக்க அரசு கொடுத்த துப்பாக்கியே அது.

இந்த இரு நிகழ்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சோதனையின் நோக்கம் எங்கே இருக்கவேண்டும் என்பது விளங்கும். ஆபத்து சிலிண்டரில் இருக்கலாம். ஆளற்ற பையில் இருக்கலாம். ஆயுதம் ஏந்தியவனின் மனநிலையிலும் இருக்கலாம். பயணச்சீட்டில் அச்சான பெயரில் அது இல்லை.

பிரிட்டன் இதை அனுபவத்தால் அறிந்தது. 2000 ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 44 ஆம் பிரிவு, எவ்விதச் சந்தேகக் காரணமும் இன்றி எவரையும் நிறுத்திச் சோதிக்கக் காவலருக்கு அதிகாரம் கொடுத்தது. ரயில் நிலையங்களில் அது மிகுதியாகப் பயன்பட்டது; ஆசியரும் கறுப்பரும் மற்றவரைவிட அதிகமாக நிறுத்தப்பட்டனர். ஓராண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தும் பயங்கரவாதக் குற்றத்துக்காக ஒருவர்கூடக் கைதாகவில்லை என்று அரசின் கணக்கே 2010 இல் காட்டியது. அதே ஆண்டு ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த அதிகாரம் தனிவாழ்வு உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது.

இதற்கு மாறாக, நியூயார்க் சுரங்க ரயிலின் பைச் சோதனையை அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006 இல் ஏற்றுக்கொண்டது. இத்தனையாவது ஆள் என்று முன்கூட்டியே முடிவுசெய்து சோதிப்பதால் முகம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை காவலருக்கு இல்லை. பையைத் திறக்க விரும்பாதவர் ரயிலில் ஏறாமல் திரும்பிப் போகலாம். எல்லாரையும் ஒரே விதிக்கு உட்படுத்தும் சோதனையில் அவமானம் இல்லை. வரிசையில் நிற்கும் நூறு பேரில் தொப்பி அணிந்தவரின் பையை மட்டும் திறந்தால் அது அவமானம். மேலும், குண்டு வைப்பவன் தொப்பியைக் கழற்றிவிட்டு வரத் தெரிந்தவன் என்பதால் அத்தகைய சோதனை பயனற்றதும் ஆகும்.

அரசமைப்புச் சட்டம் தரும் அளவுகோல்

இந்தியாவெங்கும் தடையின்றிச் சென்றுவரும் உரிமையை நம் அரசமைப்புச் சட்டத்தின் 19 ஆம் உறுப்பு குடிமகனுக்கு வழங்குகிறது. பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடு விதிக்கவும் அதுவே இடம் கொடுக்கிறது. 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனிவாழ்வு அடிப்படை உரிமையே என்று ஒருமனதாக அறிவித்தது. அதில் அரசு தலையிடுவதானால் அதற்கொரு சட்டம் இருக்கவேண்டும், முறையான தேவை இருக்கவேண்டும், தலையீடு அந்தத் தேவைக்கு மிகாத அளவில் இருக்கவேண்டும் என்பன அத்தீர்ப்பிலிருந்து கிடைக்கும் அளவுகோல்கள்.

இந்த அளவுகோலால் நிலைய வாசலில் உள்ள ஊடுகதிர்ப் பொறியை அளந்தால் அது தேறிவிடும். முன்பதிவுப் பெட்டியில் அடையாள அட்டை கேட்பதையும் நாம் பழகிக்கொண்டோம். முகத்தை அடையாளம் காணும் கேமராக்களைப் பற்றித்தான் இனி விழிப்பாகக் கேட்கவேண்டியிருக்கிறது. படம் எவ்வளவு காலம் வைக்கப்படும்? எந்தப் பட்டியலோடு ஒப்பிடப்படும்? பிழையாக ஒருவன் பெயர் அதில் ஏறிவிட்டால் நீக்குவது யார்? 2023 ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. கைரேகைப் பதிவேடு பிறப்பால் மனிதரைப் பிரித்தது போல, இந்தப் பதிவேடும் ஒருநாள் பெயரால் பிரிக்கத் தொடங்கினால் அதைத் தடுக்கும் வேலி எது? இக்கேள்வி எல்லாச் சமுதாயத்தாருக்கும் உரியது.

நாம் செய்யவேண்டியவை

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிய செய்தியொன்று நம் மரபில் வழங்குகிறது. ஓரிரவு ரோந்து சென்றபோது ஒரு வீட்டுச் சுவரேறி, உள்ளே பாவச் செயலில் இருந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அவனோ, நான் செய்தது ஒரு தவறு. தாங்கள் துருவி ஆராய்ந்தீர்கள், வாசல் வழியே வராமல் சுவரேறினீர்கள், அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் நுழைந்தீர்கள் என்று மூன்று தவறுகளைச் சுட்டினான். அவர்கள் அதை ஒப்புக்கொண்டு திரும்பினார்கள் என்பது அச்செய்தி. ஆட்சியாளரின் நல்ல நோக்கம்கூட வரம்பை மீற உரிமை தராது என்ற பாடம் அதில் உண்டு. வீண் சந்தேகத்தையும் உளவு பார்ப்பதையும் விலக்கிய மார்க்கம், பாதையில் கிடக்கும் தீங்கை அகற்றுவதை ஈமானின் கிளையாகவும் ஆக்கியிருக்கிறது. இரண்டும் நமக்குக் கடமை.

எனவே பயணம் போகும் குடும்பங்கள் சிலவற்றைக் கருத்தில் கொள்ளட்டும். எல்லாருக்கும் பொதுவான சோதனைக்கு முகம் சுளிக்காமல் பையைத் திறந்து கொடுங்கள். அடுப்பு, சிலிண்டர், பட்டாசு எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். உரியவரில்லாத பையைக் கண்டால் தொடாமல் 139 என்ற எண்ணுக்கோ அருகிலுள்ள காவலருக்கோ தெரிவியுங்கள். பெண்களைப் பெண் காவலரே, கண்ணியத்தைக் காத்துச் சோதிக்கவேண்டும் என்பது சட்டம். அதை மரியாதையோடு கேட்டுப் பெறுங்கள். கைது என்றால் காரணத்தைச் சொல்லவேண்டும்; பயண நேரம் நீங்கலாக இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவேண்டும்; விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விடவேண்டும். இவை அரசமைப்புச் சட்டத்தின் 22 ஆம் உறுப்பு தரும் உரிமைகள். வெளியூர் போகும் பிள்ளைகளுக்குக் கட்டுச்சோற்றோடு இந்த அறிவையும் கட்டிக்கொடுங்கள். ஜமாஅத்துகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு வழக்கறிஞரை அழைத்து இளைஞருக்கு இதை விளக்கச் செய்தால் நன்று.

தொப்பியைப் பையில் வைத்துக்கொள் என்று சொல்லும் தாயின் அச்சத்தை நாம் குறைகூற முடியாது. அது அன்பினால் பிறந்தது. ஆயினும் போத்தனூரில் திறந்த கதவை நினைத்துக்கொண்டு பிள்ளைக்கு வேறொன்றையும் சொல்லிக்கொடுப்போம். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு மூச்சுத் திணறுகிறதா என்று பார், அவர் யாராக இருந்தாலும். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகார் போகும் வண்டி நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அவ்வளவு தொலைவும் ஒரே பெட்டியில் ஒருவரையொருவர் நம்பித்தான் உறங்கவேண்டியிருக்கிறது.

அல்லாஹ் நம் பயணங்களையும் எல்லா மக்களின் பயணங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.